வண்டிப் பேரைச் சொன்னா கிடைக்காது, அளவைச் சொன்னா கிடைக்கும்... பழைய காருக்கு ‘டிக்கி ஸ்ட்ரட்’ தேடுவது எப்படி?

டிக்கியைத் தூக்கினா அது அப்படியே நிக்கணும். நிக்கலைனா, ஒரு கையால கதவைத் தாங்கிக்கிட்டு இன்னொரு கையால பையை எடுக்க வேண்டியதுதான். பல பேர் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து ஓட்டுவாங்க. கட்டை நழுவினா கண்ணாடியோட சேர்ந்த மொத்தக் கதவும் தலையில வந்து விழும்.

புது கார் என்றால் கவலை இல்லை. ஷோரூமில் வண்டிப் பேரைச் சொன்னால் ஜோடியாக எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் காரைத் தயாரித்த கம்பெனியே மூடி முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால்? கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி “எந்த வண்டி?” என்பது. பேரைச் சொன்னதும் வரும் பதில், “அதுக்கெல்லாம் வராது சார்.”

உண்மையில் அந்தப் பாகம் அதே கடையின் அலமாரியிலேயே வேறொரு வண்டியின் பெயரில் தொங்கிக்கொண்டிருக்கலாம். கேட்கிற விதம் மாறினால் கிடைக்கிற வாய்ப்பும் மாறும். அது எப்படி? தமிழ்நாட்டிலேயே தயாரான ஒரு காரை உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

கேஸ் ஸ்ட்ரட் என்றால் என்ன?

டிக்கியின் இரண்டு பக்கமும் கறுப்பு நிறத்தில் ஒரு குழாய், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பளபளப்பான கம்பி. இதுதான் கேஸ் ஸ்ட்ரட். ஒர்க்‌ஷாப்பில் ‘டிக்கி ஷாக்’ என்றும், ‘ஹைட்ராலிக்’ என்றும் சொல்வதுண்டு. ஆனால் இது ஷாக் அப்சார்பரும் இல்லை, எண்ணெயால் தூக்கும் ஹைட்ராலிக்கும் இல்லை. தூக்குவது உள்ளே அடைத்து வைத்திருக்கும் நைட்ரஜன் வாயு.

குழாய்க்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. பிஸ்டனில் சின்ன துளை இருப்பதால் அதன் இரண்டு பக்கமும் வாயுவின் அழுத்தம் ஒன்றுதான். ஆனால் ஒரு பக்கத்தில் கம்பி இடத்தை அடைத்துக்கொள்வதால், அந்தப் பக்கம் வாயு தள்ளுவதற்கான பரப்பு குறைவு. இந்த வித்தியாசம்தான் கம்பியை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. கணக்கு சிம்பிள்: வாயு அழுத்தத்தை கம்பியின் குறுக்குப் பரப்பால் பெருக்கினால் ஸ்ட்ரட்டின் விசை வந்துவிடும்.

8 மி.மீ. தடிமன் உள்ள கம்பி 400 நியூட்டன் விசை தர வேண்டும் என்றால், உள்ளே ஏறத்தாழ 80 பார் அழுத்தம் இருக்க வேண்டும். கார் டயரில் அடிக்கும் காற்றைவிட இது சுமார் 35 மடங்கு அதிகம். பார்க்க சைக்கிள் பம்ப் மாதிரி இருந்தாலும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குக் காரணம் இந்த அழுத்தம்தான்.

கொஞ்சம் எண்ணெயும் உள்ளே இருக்கும். கம்பியைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் காய்ந்துவிடாமல் வைப்பதும், டிக்கி முழுசாகத் திறக்கும் கடைசி நொடியில் ‘டப்’பென்று அடிக்காமல் மெதுவாக நிறுத்துவதும் அந்த எண்ணெயின் வேலை.

பகலில் நிற்கிற டிக்கி விடியற்காலையில் இறங்குவது ஏன்?

நைட்ரஜன் எரியாது, கெட்டும் போகாது. சீல் வழியாக ஒரேயடியாக இல்லாமல், வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். தூசி, மழைநீர், கம்பியில் ஏறும் துரு, கீறல் எல்லாம் சீலை அறுத்து இதை வேகப்படுத்தும். கம்பியில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு தெரிந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

வெப்பநிலைக்கும் இதில் பங்கு உண்டு. மூடிய குழாயில் உள்ள வாயு சூடானால் அழுத்தம் கூடும், குளிர்ந்தால் குறையும். 10 டிகிரி மாறினால் விசை சுமார் 3.4 சதவீதம் மாறும். திண்டிவனத்தில் அக்னி நட்சத்திர வெயில் 40 டிகிரியைத் தொடும். மார்கழி விடியற்காலையில் 20 டிகிரி பக்கம் வரும். இந்த 20 டிகிரி வித்தியாசத்திலேயே விசை ஏறத்தாழ 7 சதவீதம் குறைந்துவிடுகிறது.

நல்ல ஸ்ட்ரட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பாதி வாயு போய், எல்லைக்கோட்டில் நிற்கும் ஸ்ட்ரட்டுக்கு இதுவே போதும். பகல் வெயிலில் டிக்கி நிற்கும். விடியற்காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது தானாக இறங்கும். ‘நேத்து நல்லாத்தானே இருந்துச்சு’ என்று நினைத்து அடியில் தலையை நுழைப்பவர்தான் அடிபடுகிறார். காலையில் ஒரு தடவை இறங்கியது என்றால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜி.எஸ்.டி. சாலையில் பிறந்த கார்

எல்லாப் பழைய கார்களுக்கும் இந்தப் பிரச்சினை கிடையாது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்றவற்றில் டிக்கி மூடி தனி. அதில் கண்ணாடி இல்லை, அளவும் சின்னது. கேஸ் ஸ்ட்ரட் இல்லாமலேயே வேலை நடந்தது. பின்பக்கக் கண்ணாடியோடு சேர்ந்து மொத்தமாக மேலே எழும் ‘ஹேட்ச்பேக்’ கதவு வந்த பிறகுதான் இது தேவைப்பட்டது.

அப்படிப்பட்ட பெரிய கதவோடு தமிழ்நாட்டில் தயாரான கார் ‘ஸ்டாண்டர்ட் 2000’. சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1985-ல் இதை அறிமுகப்படுத்தியது. 1960-களில் ‘ஹெரால்டு’ காரையும், 1970-களில் ‘கெஸல்’ காரையும் தயாரித்த அதே கம்பெனி. அதன் தொழிற்சாலை இருந்த இடம் பெருங்களத்தூர் – வண்டலூர் பகுதி, ஜி.எஸ்.டி. சாலை. அதே சாலையில் தெற்கே ஏறத்தாழ 90 கி.மீ. வந்தால் திண்டிவனம்.

காரின் உடம்பு பிரிட்டனின் ‘ரோவர் எஸ்டி1’. 1976-ல் அங்கே அறிமுகமாகி, 1977-ன் ஐரோப்பாவின் சிறந்த கார் விருதை வாங்கிய மாடல். டேவிட் பேச் என்பவரின் தலைமையில் வடிவமைக்கப்பட்டது. பிரிட்டனில் அதன் பெயரை உயர்த்தியது 3.5 லிட்டர் வி8 என்ஜின். இங்கே வந்தபோது அதே உடம்புக்குள் பழைய ‘வேன்கார்டு’ வம்சத்தைச் சேர்ந்த 1,991 சிசி நாலு சிலிண்டர் என்ஜின் உட்கார்ந்தது. நம்ம ஊர் ரோட்டுக்காக தரையிலிருந்து உயரமும் கூட்டப்பட்டது.

கனமான வண்டி, பழைய என்ஜின், அதிக விலை. மறுபக்கம் 1983 இறுதியில் வந்த மாருதி 800 சந்தையையே புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது. 1988-ல் ஸ்டாண்டர்ட் 2000 தயாரிப்பு நின்றது. தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று ஐ.டி. வளாகமும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிற்கின்றன.

உதிரிபாகங்கள் எங்கே போயின?

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. பிரிட்டனில் ரோவர் எஸ்டி1 தயாரிப்பு 1986-ல் முடிந்துவிட்டது. அங்கே அந்தக் காருக்கு ரசிகர்கள் அதிகம், உடம்புத் தகடுகளுக்கோ தட்டுப்பாடு. சென்னையில் தயாரிப்பு நின்ற பிறகு பயன்படுத்தாமல் மிஞ்சிக் கிடந்த ரோவர் பாகங்களை ‘ரிம்மர் பிரதர்ஸ்’ என்ற பிரிட்டிஷ் உதிரிபாக நிறுவனம் வாங்கிக்கொண்டது. பெருங்களத்தூர் பக்கம் கிடந்தவை கப்பலேறி, பிரிட்டனில் விற்றுத் தீர்ந்தன.

அதனால்தான் ஒரு தமிழ்நாட்டு காருக்கான பாகம், தமிழ்நாட்டில் தேடினால் கிடைப்பது கஷ்டம், பிரிட்டனில் தேடினால் கிடைப்பது சுலபம் என்ற நிலை. ஸ்டாண்டர்ட் 2000 என்று தேடுவதைவிட ரோவர் எஸ்டி1 என்று தேடினால் வழி திறக்கும். அந்த மாடலுக்கு உதிரிபாகம் விற்பவர்கள் அங்கே இன்றும் இருக்கிறார்கள்.

ஆனால் கேஸ் ஸ்ட்ரட்டை அங்கிருந்து வரவழைப்பதில் தனிச் சிக்கல் உண்டு. அழுத்த வாயு அடைத்த பொருள் என்பதால் விமானச் சரக்கு விதிகளில் இது ‘யூ.என். 3164’ என்ற எண்ணின் கீழ் வருகிறது. உரிய விலக்கும் ஆவணமும் இருந்தால் அனுப்பலாம். ஆனாலும் பல கூரியர்காரர்கள் யோசிப்பார்கள். அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் பாகத்தின் விலையைத் தாண்டிவிடும். பம்பர், விளக்குக் கண்ணாடி போன்றவற்றுக்கு வெளிநாட்டை விட்டால் வழி இருக்காது. ஸ்ட்ரட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

புதுப்பேட்டையில் கிடைக்காதா?

பழைய பாகம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது சென்னை புதுப்பேட்டை. கண்ணாடி, கைப்பிடி, கீல், டிரிம் பீடிங் என்றால் அங்கே அலையலாம், பலன் கிடைக்கும். கேஸ் ஸ்ட்ரட்டுக்கு மட்டும் அது சரிப்படாது. உடைத்த வண்டியில் இருந்து கழற்றியது என்றால் அதற்கும் அதே வயசுதான். அதன் வாயுவும் பாதி போயிருக்கும்.

“பிரிக்காத பழைய ஸ்டாக் இருக்கு” என்று சொன்னாலும் எச்சரிக்கை தேவை. பெட்டியில் கிடந்தாலும் ரப்பர் சீலுக்கு வயசாகும். முப்பது வருஷம் படுத்தே கிடந்த ஸ்ட்ரட்டில் சீல் ஒரு பக்கம் காய்ந்திருக்கும். மாட்டிய சில வாரத்திலேயே வாயு வெளியேறிவிடலாம். பழைய காருக்கு ‘ஒரிஜினல்’ பாகம் என்பது பெருமைதான். ஆனால் டயர், பிரேக் ஹோஸ், கேஸ் ஸ்ட்ரட் ஆகிய மூன்றிலும் வயசைவிடப் புதுசுதான் முக்கியம்.

சரி, அப்போ எப்படிக் கேட்பது?

ஸ்ட்ரட்டுக்கு வண்டிப் பெயர் தெரியாது. அதற்குத் தெரிந்தது சில நீளங்களும் ஒரு விசையும்தான். அந்த எண்கள் பொருந்தினால், எந்த வண்டிக்காகச் செய்தது என்பது முக்கியமே இல்லை. கடைக்குப் போகும் முன் ஒரு சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டியவை இவை:

1. முழு நீளம்: கம்பி முழுசாக வெளியே வந்த நிலையில், ஒரு முனையின் குண்டு மையத்தில் இருந்து மறுமுனையின் குண்டு மையம் வரை. ஓரத்தில் இருந்து ஓரம் அளந்தால் தப்பாகிவிடும்.

2. ஸ்ட்ரோக்: கம்பி எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்ற அளவு. முழு நீளத்தில் இருந்து இதைக் கழித்தால் மூடிய நீளம் கிடைக்கும்.

3. தடிமன்: கம்பிக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று. 6-க்கு 15, 8-க்கு 18, 10-க்கு 22 மி.மீ. ஆகிய ஜோடிகள் பரவலானவை. வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது.

4. முனை: குண்டுக் கிண்ணமா, வளையமா, திருகு மரையா? குண்டு என்றால் அதன் விட்டம். 8 அல்லது 10 மி.மீ. அதிகம் புழக்கத்தில் உள்ளவை.

5. விசை: நியூட்டன் கணக்கில். பெரும்பாலும் குழாயின் மேலேயே ஒரு எண்ணும் அதன் பக்கத்தில் ஆங்கில ‘என்’ எழுத்தும் அச்சடித்திருக்கும். பழைய எண்ணெய்க் கறையைத் துணியில் துடைத்துப் பார்த்தால் தெரியும். பெயிண்ட் அடித்திருந்தால் சுரண்ட வேண்டாம், டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள்.

ஐந்தும் கையில் இருந்தால் “ஸ்டாண்டர்ட் 2000-க்கு இருக்கா?” என்று கேட்க வேண்டியதே இல்லை. “இந்த நீளம், இந்த ஸ்ட்ரோக், 10 மி.மீ. குண்டு, இத்தனை நியூட்டன்” என்று கேட்டால் போதும்.

பழைய ஸ்ட்ரட்டே இல்லை என்றால்?

முன்பு வைத்திருந்தவர் கழற்றி எறிந்துவிட்டு, கட்டையை வைத்துக் கொடுத்திருந்தால்? அப்போதும் வழி இருக்கிறது. நீளத்தை வண்டியே சொல்லும்.

டிக்கியைத் தேவையான உயரத்துக்குத் தூக்கி, ஆள் ஒருவர் பிடித்துக்கொள்ள, கதவில் உள்ள குண்டுக்கும் உடம்பில் உள்ள குண்டுக்கும் நடுவே அளக்கவும். அதுதான் முழு நீளம். இதைவிட நீளமான ஸ்ட்ரட் போட்டால் கதவு அளவுக்கு மீறித் திறந்து கீலை வளைத்துவிடும்.

அடுத்து, டிக்கியை மூடிய நிலையில் அதே இரண்டு குண்டுக்கும் நடுவே உள்ள தூரம். இதை வெளியில் இருந்து அளக்க முடியாது. பின் சீட்டை மடக்கி, ஒருவர் உள்ளே உட்கார்ந்து டேப் பிடிக்க வேண்டும். ஸ்ட்ரட்டின் மூடிய நீளம் இந்தத் தூரத்தைவிட ஒரு 10 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் டிக்கி மூடாது. அழுத்தி மூடினால் தகடு வளையும், இல்லையேல் கண்ணாடி போகும். 1980-களின் காருக்குப் பின்கண்ணாடி தேடுவது ஸ்ட்ரட் தேடுவதைவிட நூறு மடங்கு கஷ்டம்.

விசையைக் கண்டுபிடிக்கும் கணக்கு

கறிக்கடையிலும் மளிகைக் கடையிலும் பயன்படுத்தும் தொங்கு தராசு ஒன்று போதும். ஸ்ட்ரட்டைக் கழற்றிவிட்டு, டிக்கியைத் தரைக்கு இணையாக நிறுத்தி, கைப்பிடி உள்ள ஓரத்தைத் தராசின் கொக்கியால் தாங்க வேண்டும். கூடவே ஒரு ஆள் கதவின் அடியில் கையை வைத்துத் தயாராக நிற்க வேண்டும், ஆனால் தாங்கக் கூடாது. தராசு காட்டும் எடையை எழுதிக்கொள்ளவும்.

பிறகு இரண்டு தூரம். ஒன்று, கீலில் இருந்து தராசு மாட்டிய இடம் வரை. இரண்டு, ஸ்ட்ரட் மாட்டும் இரண்டு குண்டுக்கும் நடுவே ஒரு நூலைக் கட்டி, கீலில் இருந்து அந்த நூலுக்குச் செங்குத்தாக உள்ள தூரம். இதையும் கதவு அதே நிலையில் இருக்கும்போதே அளக்க வேண்டும்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். இவை கணக்கு புரிவதற்காக எடுத்த எண்கள், குறிப்பிட்ட எந்த காரின் அளவும் அல்ல.

தராசு காட்டிய எடை 9 கிலோ. கீலில் இருந்து தராசு வரை 110 செ.மீ. இரண்டையும் பெருக்கினால் 990. அதை 9.81-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 9,712. நூலுக்கான தூரம் 20 செ.மீ. ஸ்ட்ரட் இரண்டு. ஆக 40-ஆல் வகுத்தால் 243. ஒவ்வொரு ஸ்ட்ரட்டும் குறைந்தது 243 நியூட்டன் தர வேண்டும்.

இதோடு 10 முதல் 15 சதவீதம் சேர்த்துக்கொள்ள வேண்டும். மார்கழிக் குளிருக்கும், வருஷக் கசிவுக்கும், கதவின் மேல் தேங்கும் மழைநீருக்கும் அது ஈடு. இந்தக் கணக்கில் 270 முதல் 280 நியூட்டன் வரை வாங்கலாம். “பெருசாவே போட்டுடலாம்” என்று 500 நியூட்டன் வாங்கினால், மூடுவதற்கு ஒருவர் பத்தாது. கீலும் வளையும், பழைய தகட்டில் குண்டு மாட்டிய இடமும் பிய்ந்துவரும்.

வாங்கியது சரியான விசையா என்று பார்க்க வீட்டில் எடை பார்க்கும் மெஷினே போதும். ஸ்ட்ரட்டைக் கம்பி கீழே இருக்கும்படி மெஷின் மேல் நிறுத்தி, குழாயை நேராக அழுத்தவும். கம்பி நகர ஆரம்பிக்கும்போது மெஷின் காட்டும் கிலோவை 9.81-ஆல் பெருக்கினால் நியூட்டன். 280 நியூட்டன் ஸ்ட்ரட் என்றால் சுமார் 28.5 கிலோ காட்ட வேண்டும். கம்பிக்கு அடியில் ஒரு சின்ன மரத்துண்டு வைப்பது அவசியம். சாய்த்து அழுத்தினால் நழுவித் தெறிக்கும், முகத்தை மேலே நீட்ட வேண்டாம்.

எங்கே கேட்கலாம்?

கார் உதிரிபாகக் கடைதான் முதல் இடம். மாருதி, ஹூண்டாய், மஹிந்திரா என்று இன்றைக்கு ஓடும் வண்டிகளுக்கான ஸ்ட்ரட்டுகளை டேப் வைத்து அளந்து பார்க்கக் கடைக்காரர் சம்மதித்தால், பாதி வேலை முடிந்தது.

ஆனால் அத்தோடு நின்றுவிட வேண்டாம். திண்டிவனம், விழுப்புரம் பகுதி விவசாய பூமி. இன்றைய டிராக்டர்கள் பலவற்றில் ஒரே துண்டாக எழும் பானட்டைத் தாங்குவது கேஸ் ஸ்ட்ரட்தான். மண் அள்ளும் இயந்திரங்களின் என்ஜின் மூடிகளிலும் இது உண்டு. டிராக்டர் உதிரிபாகக் கடைகளில் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இதே நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க ஓடும் ஆம்னி பஸ்களையும் கவனிக்கலாம். பக்கவாட்டில் பெட்டி வைக்கும் கதவு மேலே தூக்கி நிற்கிறதே, அதைத் தாங்குவதும் இதுதான். பஸ் பாடி கட்டும் தொழிலுக்குப் பேர்போன கரூரில் பல நீளங்களில் இவை புழங்குகின்றன. சென்னையில் பாரிமுனை பக்கம் இண்டஸ்ட்ரியல் ஹார்டுவேர் கடைகளும், ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு ஆட்டோ உதிரிபாகக் கடைகளும் உண்டு. இந்தியாவிலேயே கேஸ் ஸ்ட்ரட் தயாரிக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. நீளம், ஸ்ட்ரோக், முனை, விசை நான்கையும் கொடுத்தால் ஜோடிக் கணக்கில் செய்து தருபவர்களும் உண்டு.

ஒரு இடத்தில் மட்டும் ஏமாறக் கூடாது. மரச்சாமான் ஹார்டுவேர் கடையில் சமையலறை கபோர்டுக்கும், பெட்டி வைத்த கட்டிலுக்கும் கேஸ் ஸ்ட்ரட் விற்கிறார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலையும் குறைவு. ஆனால் கபோர்டு ஸ்ட்ரட் பெரும்பாலும் 60 முதல் 120 நியூட்டன்தான், கார் கதவைத் தாங்காது. கட்டில் ஸ்ட்ரட்டோ அதற்கு நேர் எதிர், மெத்தையோடு பலகையைத் தூக்கும் பலம். கார் டிக்கிக்குப் போட்டால் கதவே தாங்காது.

அளவு கிட்டத்தட்ட பொருந்தி விசை மட்டும் சந்தேகமாக இருந்தால், வாயுவை வெளியேற்றும் சின்ன வால்வு உள்ள ஸ்ட்ரட்டைக் கேட்டு வாங்கலாம். கொஞ்சம் அதிக விசையில் வாங்கி, மாட்டிப் பார்த்து, தேவையான அளவுக்குத் துளித்துளியாகக் குறைத்துக்கொள்ளலாம். குறைத்ததைத் திரும்பக் கூட்ட முடியாது என்பதால் பொறுமை முக்கியம்.

செய்யவே கூடாதவை

* பழைய ஸ்ட்ரட்டை டிரில் போட்டோ, ஹாக்சாவால் அறுத்தோ திறக்கக் கூடாது. டிக்கியைத் தாங்காத அளவுக்கு வாயு குறைந்திருந்தாலும், உள்ளே இன்னும் பல பத்து பார் அழுத்தம் இருக்கும்.

* குழாயில் வெல்டிங் வைக்கக் கூடாது. முனை பொருந்தவில்லை என்றால் முனையை மாற்ற வேண்டும், குழாயைச் சுட வைக்கக் கூடாது.

* “கேஸ் அடிச்சுத் தரோம்” என்று துளை போட்டு வால்வு வைப்பதை நம்ப வேண்டாம். அந்தக் குழாய் அதற்காகச் செய்ததில்லை.

* கம்பிக்கு கிரீஸ் தடவக் கூடாது, பெயிண்டும் கூடாது. இரண்டுமே தூசியைப் பிடித்து சீலை அறுக்கும். பிளையரால் கம்பியைப் பிடித்துத் திருகினால் விழும் ஒரு கீறலே புது ஸ்ட்ரட்டைக் கொன்றுவிடும்.

* பழையதை காயலான் கடையில் போடும்போது அது கேஸ் ஸ்ட்ரட் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். இரும்புக் குழாய் என்று நினைத்து அங்கே கேஸ் கட்டர் வைத்தால் வெடிக்கும். அடிபடுவது அங்கே கூலிக்கு வேலை செய்பவர்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

மாற்றுவது பெரிய வேலை இல்லை. குண்டுக் கிண்ணத்தில் உள்ள கம்பி கிளிப்பை தட்டை ஸ்க்ரூடிரைவரால் லேசாக நெம்பினால் கழன்றுவிடும். ஆனால் தனி ஆளாகச் செய்ய வேண்டாம். ஒருவர் கதவைப் பிடிக்க, கூடவே உறுதியான முட்டும் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தைக் கழற்றி, புதுசை மாட்டிய பிறகுதான் மறுபக்கத்தில் கை வைக்க வேண்டும்.

இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் கதவு ஒரு பக்கமாக முறுக்கும். கண்ணாடி உள்ள கதவில் அது ஆபத்து.

டிக்கி மூடியிருக்கும்போது கம்பி கீழ்ப்பக்கமும் குழாய் மேல்பக்கமும் இருக்கும்படி மாட்ட வேண்டும். அப்போதுதான் உள்ளே உள்ள எண்ணெய் சீல் பக்கம் வடிந்து அதை ஈரமாக வைத்திருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வெளியே எடுக்கும் பழைய காருக்கு இது ரொம்ப முக்கியம். நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியில்தான் சீல் சீக்கிரம் காய்கிறது.

புதுசு போட்டும் டிக்கி இறங்கினால் உடனே ஸ்ட்ரட்டைக் குறை சொல்ல வேண்டாம். கீல் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். பலமுறை பட்டி பார்த்து கதவின் எடையே கூடியிருக்கலாம். தராசுக் கணக்கு இதையும் காட்டிக் கொடுத்துவிடும்.

பாகம் கிடைக்கும் வரை?

கட்டையை விடப் பாதுகாப்பான தற்காலிக வழி ஒன்று இருக்கிறது. கம்பியின் தடிமனுக்குப் பொருந்தும் பிவிசி குழாய்த் துண்டை நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கீறி, டிக்கி முழுசாகத் திறந்த பிறகு கம்பியின் மேல் மாட்டிவிட வேண்டும். கம்பி உள்ளே போக இடம் இல்லாததால் கதவு இறங்காது. மூடும்போது மறக்காமல் எடுத்துவிட வேண்டும். இதுவும் ஒரு ஏற்பாடுதான், தீர்வு இல்லை. குழந்தைகளை டிக்கி பக்கம் நிற்க விடக் கூடாது.

கம்பெனி போனாலும் கார் ஓடும்

ஸ்டாண்டர்ட் 2000 வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு சங்கடம் உண்டு. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகனப் பதிவு விதிகள், 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு மட்டும்தான். 1985-ன் கார் அந்த வரிசையில் சேர 2035 ஆக வேண்டும். அதுவரை மற்ற கார்களைப் போலவே பதிவைப் புதுப்பித்து, ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும். மாருதி 800-ன் முதல் மாடல்கள், ஆரம்பகால ஆம்னி என்று 1980-களின் வண்டிகள் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான்.

கிடைக்காத பாகம் ஒன்று சேர்ந்து சேர்ந்துதான் ஒரு கார் ஷெட்டுக்குள் முடங்குகிறது. முதலில் டிக்கி நிற்காது, பிறகு யாரும் திறக்க மாட்டார்கள், பிறகு உள்ளே தண்ணீர் இறங்குவது தெரியாமலே தரைத் தகடு போய்விடும். அதில் முதல் கண்ணியை அறுக்கத் தேவையானது ஒரு டேப், ஒரு தொங்கு தராசு, ஒரு துண்டுச் சீட்டு. அடுத்த முறை கடைக்காரர் “எந்த வண்டி?” என்று கேட்டால், அந்தச் சீட்டை நீட்டினால் போதும்.